தோலுக்கும் குடலுக்கும் ஒரே வேர்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், ஹெப்ரிடீஸ் தீவுக் கூட்டத்தில், டைரீ, கோல் என்று அடுத்தடுத்து இரண்டு சிறு தீவுகள் இருக்கின்றன. மரம் அருகிய, காற்று ஓயாத இடங்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அங்கே ஒரு தடை வந்தது: மேய்ச்சல் தரையில் வளரும் ஒரு காட்டுச்செடியின் வேரை இனி யாரும் தோண்டக் கூடாது. அது விஷச்செடி அல்ல, அபூர்வச் செடியும் அல்ல. புல்லுக்கு நடுவே கால் வைத்த இடமெல்லாம் பூத்துக் கிடக்கும் சின்ன மஞ்சள் பூ. அதன் வேருக்காகச் சனங்கள் கிளறிய கிளறலில் நிலமே பாழாகிப்போனதால்தான் தடை. மணல் கலந்த மெல்லிய தரையில் புல்லின் பிடி ஒருமுறை விட்டுப்போனால் மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும். ஆடுமாடுகளை நம்பிப் பிழைக்கிற தீவில் அது சின்ன நஷ்டம் அல்ல.

இதைப் பதிவு செய்தவர் ஜான் லைட்ஃபுட் என்ற பாதிரியார். 1772இல் இயற்கையியலர் தாமஸ் பென்னன்ட் ஹெப்ரிடீஸ் தீவுகளைச் சுற்றிவந்தபோது கூடவே போய்ச் செடிகொடிகளைக் குறிப்பெடுத்தவர். 1777ஆம் ஆண்டிட்ட அவருடைய 'ஃப்ளோரா ஸ்காட்டிகா'வில் இந்தச் செடிக்குக் கொடுத்திருக்கும் சில வரிகளில், அதன் பிழைப்பு முழுவதும் அடங்கிவிட்டது. தீவுகளில் விவசாயிகள் இந்த வேரைப் பாலில் கொதிக்கவைத்து, வயிற்றுப்போக்குக்கும் சீதபேதிக்கும் கன்றுகளுக்குக் கொடுக்கும் அதே நம்பிக்கையோடு தாங்களும் குடித்த காலம் அது. அதே வேரை நீரில் கொதிக்கவைத்து, ஆறிய சாற்றில் தோலை ஊறப்போட்டுப் பதனிட்டார்கள். ஓக் மரப்பட்டையைவிட இதுவே மேல் என்று அப்போது செய்த சோதனைகள் காட்டியதாகவும் எழுதியிருக்கிறார்.

மருந்துக்கும் தோல் பதனிடவும் ஒரே வேரா என்று இன்றைக்கு நமக்குத் தோன்றும். தீவுக்காரர்களுக்குத் தோன்றவில்லை. அவர்கள் பக்கம்தான் நியாயம்.

செடியின் பெயர் டார்மென்டில். ரோஜாக் குடும்பத்தில் பொட்டென்டில்லா என்ற பேரினத்தைச் சேர்ந்தது. ஐந்து விரல் விரித்தாற்போல் இலை இருப்பதால் இந்த வகைச் செடிகளை ஆங்கிலத்தில் சிங்க்ஃபாயில் என்று பொதுவாக அழைக்கிறார்கள். ஐரோப்பாவில் அயர்லாந்து முதல் ருஷ்யா வரை, புளிப்புத் தன்மையுள்ள மண் இருக்கும் கரம்புகளிலும் மேட்டுப் புல்வெளிகளிலும் இது வளர்கிறது. தண்டு மெலிதாக, ஒரு சாணுக்கு மேல் போனால் அதிசயம். மே மாதம் பூக்கத் தொடங்கி செப்டம்பர் வரை விடாமல் பூக்கும். பூவின் குறுக்களவு ஒரு சென்டிமீட்டர்தான். குனியாதவன் கண்ணில் படாது.

சரக்கு எல்லாம் மண்ணுக்குக் கீழே. வேர் என்று சொல்லிக்கொண்டிருந்தாலும் உண்மையில் அது இஞ்சி, மஞ்சள் போல நிலத்தடித் தண்டு, கிழங்கு. விரல் பருமனில், முண்டும் முடிச்சுமாக, வெளியே கரும்பழுப்பாக, சுற்றிலும் சல்லிவேரோடு வரும். கத்தியால் குறுக்கே நறுக்கினால் முதலில் வெளிறிய உட்புறம் தெரியும். அப்படியே கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் ஓரங்களில் இளஞ்சிவப்பு ஏறும். கொஞ்ச நேரத்தில் வெட்டு முகம் முழுக்கச் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். ஒரு துணுக்கை நாக்கில் வைத்தால் வாய் முழுவதும் இழுத்துப் பிடிக்கும். கன்னத்தின் உட்புறம் பல்லோடு ஒட்டிக்கொண்டதுபோல் இருக்கும்.

அந்தத் துவர்ப்புதான் இந்த வேரின் ஒரே வித்தை. உலர்ந்த கிழங்கின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூட டானின் இருக்கும். டானினுக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்: புரதத்தைக் கண்டால் பிடித்துக்கொள்வது. வாயில் வைத்தால் எச்சிலில் உள்ள, வழவழப்பைத் தரும் புரதத்தைத் திரித்துவிடுகிறது. வழவழப்பு போனதும் வாய் வறண்டு இழுக்கிறது. பச்சைத் தோலில் வைத்தால் அதன் கொலாஜன் இழைகளுக்கு இடையே போய்க் குறுக்குக் கட்டுப் போடுகிறது; அதன்பின் அழுகவைக்கும் கிருமிகளால் அதைத் தின்ன முடியாது, தோல் லெதர் ஆகிறது. புண்ணில் வைத்தால் மேற்பரப்புப் புரதத்தை இறுக்கி ஒரு மெல்லிய படலம் உண்டாக்குகிறது, கசிவு நிற்கிறது. குடலுக்குள் போனால் அங்கேயும் அதே படலம், அதே இறுக்கம். ஹெப்ரிடீஸ் விவசாயி ஒரே வேரை அடுப்பில் பால் சட்டியிலும் கொல்லையில் தோல் தொட்டியிலும் போட்டபோது, இரண்டு இடத்திலும் நடந்தது ஒன்றேதான்.

ஆகவே இந்த வேரின் நீண்ட மருத்துவ வரலாற்றை எடைபோட எனக்கு ஒரு எளிய கேள்வி போதும் என்று தோன்றுகிறது: துவர்ப்பு அந்த நோவைத் தொட முடியுமா, முடியாதா? பல் ஈறு, வாய்ப்புண், குடல், தோல்மேல் காயம், இவற்றையெல்லாம் தொடும். தொட முடியாத இடத்தில் இதற்குக் கொடுத்த புகழெல்லாம் சந்தேகத்துக்குரியது.

முதலில் தோல் தொட்டிக்கே போவோம். பதனிடும் டானினுக்கு ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக ஓக் மரத்தின் பட்டைதான் ஆதாரம். ஆனால் ஃபேரோ, ஷெட்லாந்து, ஆர்க்னி தீவுகளில் பட்டை உரிக்க ஓக்குக்கு எங்கே போவது? அங்கேதான் டார்மென்டில் மரத்தின் இடத்தைப் பிடித்தது. ஃபேரோ தீவு மக்கள் செடிக்கு வைத்த பெயரிலேயே பட்டை என்ற சொல்லைச் சேர்த்துவிட்டார்கள். ஆட்டுத்தோலை இதில் ஊறவைத்துத்தான் காலணி தைத்துக்கொண்டார்கள். வேலை லேசானதல்ல. கட்டைவிரல் பருமன் கிழங்கு ஒவ்வொன்றாகத் தோண்டி, மண் போகக் கழுவி, சல்லிவேரைக் கிள்ளி, இடித்து, கொதிக்கவைத்து, பிறகு ஆறவைக்க வேண்டும். ஆறவைப்பதில்தான் தொழில் நுணுக்கம் இருக்கிறது. பச்சைத் தோல் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் சுருண்டு பசையாகிவிடும். வேரிலிருந்து சாறு இறங்கக் கொதி வேண்டும். தோலுக்குக் கொதி ஆகாது. இன்னொன்று, எடுத்த எடுப்பில் கெட்டிச் சாற்றில் போட்டால் தோலின் மேல்புறம் மட்டும் முறுகிக்கொண்டு உட்புறம் பச்சையாகவே நின்றுவிடும். அதனால் நீர்த்த சாற்றில் தொடங்கிக் கெட்டிச் சாற்றுக்குப் படிப்படியாக மாற்றுவது, மரப்பட்டையானாலும் வேரானாலும், எல்லாத் தாவரப் பதனிடலுக்கும் பொது விதி.

பெருநிலத்திலும் இந்த வேருக்கு ஒரு காலம் வரும்போலத்தான் இருந்தது. அயர்லாந்தில் காடுகள் அழிந்து ஓக் பட்டைக்குத் தட்டுப்பாடு வந்திருந்த நேரம். டப்ளினைச் சேர்ந்த வேதியியலர் வில்லியம் மேப்பிள், பட்டையே இல்லாமல் டார்மென்டில் வேரை வைத்துத் தோல் பதனிடும் முறையை உருவாக்கினார். அயர்லாந்து நாடாளுமன்றம் அவருக்கு 200 பவுண்டு பரிசு கொடுத்தது. 1729இல் அந்த முறையைச் சிறு நூலாகவும் வெளியிட்டார். சாறு நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் ஒரு ஓக் மரத்தை வெட்டினால் வண்டி வண்டியாகப் பட்டை கிடைக்கும். அவ்வளவு டானினுக்கு எத்தனை ஏக்கர் புல்வெளியைக் கிளற வேண்டும் என்ற கணக்கு அவருக்குச் சாதகமாக இல்லை. டைரீயிலும் கோலிலும் பின்னால் நடந்ததைப் பார்த்தால், நாடு முழுவதும் அந்த முறை பரவாமல் போனதே அயர்லாந்துக்கு நல்லது.

தோலுக்கு அடுத்தபடியாக வலை. சணல் வலை கடல்நீரில் ஊறி, கரையில் காய்ந்து, மறுபடி ஊறி என்று சீக்கிரமே இற்றுப்போகும். டானின் சாற்றில் போட்டெடுத்தால் பூஞ்சையும் பாக்டீரியாவும் நாரைத் தின்பது மட்டுப்படும். தீவுகளில் மீனவர்களும் இதே வேர்ச்சாற்றில் வலையைத் தோய்த்தார்கள். பழுப்பேறிய வலையும் பாயும்தான் அந்தக் கரைகளின் நிறம்.

இந்தத் தொழிலிலிருந்து டார்மென்டிலை வெளியேற்றியது எது என்று பார்த்தால், நம் ஊர் நாட்டு மருந்துக்கடைக்கே வந்து நிற்க வேண்டியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் காசுக்கட்டி கப்பல் கப்பலாகப் பிரிட்டனுக்குப் போனது. கருங்காலி வகை மரத்தின் வயிரத்தைச் சீவிக் கொதிக்கவைத்து வற்றக் காய்ச்சி எடுக்கும் அதே காசுக்கட்டிதான். நாம் வெற்றிலையோடு போடுவது. ஸ்காட்லாந்துத் துறைமுகங்களில் பெரிய கொப்பரைகளில் அதைக் கரைத்துக் கொதிக்கவிட்டு வலைகளை முக்கியெடுத்தார்கள். தோல் தொழிற்சாலைகளுக்குக் கடுக்காய் போனது. ஜபல்பூர், பீமுனிபட்டினம் என்று இந்திய ஊர்ப் பெயர்களே லண்டன் சந்தையில் கடுக்காய்த் தரத்தின் பெயர்களாகப் புழங்கின. காசுக்கட்டி, கடுக்காய் இரண்டுமே இங்கே வயிற்றுக்கும் வாய்க்கும் மருந்து. அங்கே வலைக்கும் தோலுக்கும் சரக்கு. டார்மென்டிலின் இரட்டை வேலையை அப்படியே பார்த்துக்கொண்டு, மேய்ச்சல் தரையைக் கிளறாமலும் வந்து சேர்ந்தன. பிறகு 1884இல் நியூயார்க்கில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் குரோமிய உப்பால் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மாதக் கணக்கில் தொட்டியில் கிடந்த தோல், நாள் கணக்கில் லெதராக வெளியே வந்தது. அதோடு வேரின் பட்டறை வாழ்க்கை முடிந்தது.

மருந்துப் பெட்டியில் அதன் வாழ்க்கை இதைவிடப் பழையது, இதைவிடக் குழப்பமானது.

டார்மென்டிலின் மூத்த சகோதரி என்று சொல்லத்தக்க படரும் சிங்க்ஃபாயில் கிரேக்க மருத்துவத்தில் இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் டயாஸ்கரிடிஸ் முறைக்காய்ச்சலுக்கு இதைச் சொல்கிறார். அளவுதான் வேடிக்கை: தினம் வரும் காய்ச்சலுக்கு ஒன்று, மூன்றாம் முறைக் காய்ச்சலுக்கு மூன்று, நான்காம் முறைக்கு நான்கு என்று காய்ச்சலின் கணக்குக்கு ஏற்ப இலையையும் எண்ணிக் கொடுக்க வேண்டும். முறைக்காய்ச்சல் என்பது பெரும்பாலும் மலேரியா. ரத்தத்தில் இருக்கும் ஒட்டுண்ணியை வயிற்றில் கிடக்கும் டானின் தொடாது. முறைக்காய்ச்சல் தானாகவே விட்டுவிட்டு வருவது. எதைக் கொடுத்தாலும் மறுநாள் விட்டிருக்கும். இலை எண்ணிக்கைக்கு அந்தப் புகழ் சேர்ந்ததில் ஆச்சரியம் இல்லை.

16ஆம் நூற்றாண்டில் வெரோனாவின் மருத்துவர் ஃப்ராகஸ்டோரோ, கொள்ளைநோய்க்கென்று 'டயாஸ்கார்டியம்' என்ற லேகியத்தைக் கூட்டினார். பல சரக்குகளோடு டார்மென்டில் வேரும் அதில் சேர்ந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பிய மருந்துக்கடைகளில் அது ஓடியது. கொள்ளைநோயை அது தீர்க்கவில்லை. வயிற்றுப்போக்குக்கு மட்டும் நல்ல பெயர் வாங்கியது. கூட்டில் டார்மென்டில் மட்டுமல்ல, அபினும் இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் வேருக்கு அநியாயமாகப் பாராட்டுப் போய்ச் சேரும். அபின் எந்தக் குடலையும் கட்டிவிடும்.

1597இல் வந்த ஜான் ஜெரார்டின் மூலிகை நூலில் ஒரு செய்முறை இருக்கிறது. கொல்லன் பட்டறையில் காய்ச்சிய எஃகைத் தோய்த்து எடுத்த நீரில் டார்மென்டில் பொடியைக் கலந்து சீதபேதிக்குக் குடிக்கச் சொல்கிறார். படிக்கும்போது மந்திரம் மாதிரி இருக்கும். வாழைப்பூவை இரும்பு அரிவாள்மணையில் நறுக்கிக் கை கறுத்தவர்களுக்கு அவ்வளவு மந்திரமாகத் தெரியாது. டானினும் இரும்பும் சேர்ந்தால் கருமை. பழைய காலத்து எழுதும் மை இந்த இரண்டையும் வைத்துத்தான். ஜெரார்டின் நோயாளி குடித்தது ஏறக்குறைய மைத்தண்ணீர். இரும்பு பாதி டானினைப் பிடித்துக்கொண்டாலும் மிச்சம் குடலுக்குப் போய் வேலை செய்திருக்கும்.

வெட்டினால் சிவக்கும் கிழங்கு என்பதால் ரத்தம் தொடர்பான எல்லாவற்றுக்கும் இதையே கைகாட்டும் வழக்கமும் இருந்தது. மூக்கிலிருந்து வடிந்தாலும் மூலத்திலிருந்து வடிந்தாலும் 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய மூலிகை மருத்துவர் நிக்கோலஸ் கல்பெப்பர் இதைத்தான் பரிந்துரைக்கிறார். செடியின் உருவத்தைப் பார்த்தே நோயைச் சொல்லும் அந்தச் சித்தாந்தத்தை நான் நம்பவில்லை. ஆனாலும் இந்த ஒரு செடியில் அது தற்செயலாகச் சரியாகப் பொருந்திவிட்டது. நிறம் சிவப்பதற்கும் ரத்தக் கசிவு நிற்பதற்கும் காரணம் ஒரே டானின்.

இவ்வளவும் சரியான செடியைத் தோண்டியிருந்தால்தான். மஞ்சள் பூப் பூக்கும் புல்வெளிச் செடிகளில் தப்பான ஒன்றைக் கொண்டுவருவது மிக எளிது. பெரிய ஆபத்து பட்டர்கப். அதுவும் மஞ்சள், அதுவும் ஐந்து இதழ், அதே மேய்ச்சல் தரை. ஆனால் அதன் பச்சைச் சாறு தோலில் பட்டாலே கொப்புளிக்கும். இரண்டையும் பிரிக்கப் பூவைக் கவிழ்த்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. சிங்க்ஃபாயிலின் பூவுக்குப் பின்னால் புல்லி இதழ்கள் இரண்டு அடுக்காக இருக்கும்: அகலமான வரிசை ஒன்று, அவற்றின் இடைவெளிகளில் ஒடுங்கிய வரிசை இன்னொன்று. ஸ்ட்ராபெர்ரிப் பழத்தின் காம்புப் பக்கம் பச்சையாக இருக்குமே, அதே அமைப்பு. இரண்டும் நெருங்கிய சொந்தம். பட்டர்கப்புக்கு ஒரே அடுக்குதான். அதன் இதழ் எண்ணெய் பூசியது போல மினுங்கும். சிங்க்ஃபாயில் இதழுக்கு அந்த மினுக்கு இல்லை, பெரும்பாலும் நுனியில் லேசான வெட்டும் இருக்கும். இலைக்காம்பு தண்டைத் தொடும் இடத்தில் சிற்றிலை போன்ற செதில்கள் இருந்தால் சிங்க்ஃபாயில் என்று மேலும் உறுதியாகும்.

பேரினம் தெரிந்த பிறகு இனம். டார்மென்டிலுக்குப் பெரும்பாலும் நான்கே இதழ். ஐந்து இதழ் உள்ள குடும்பத்தில் நான்கோடு நின்றதால் கார்ல் லின்னேயஸ் 1753இல் இதைத் தனிப் பேரினமாகவே பிரித்து வைத்தார். பின்னால் வந்தவர்கள் அது அவ்வளவு பெரிய வித்தியாசம் அல்ல என்று பொட்டென்டில்லாவுக்குள் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒரே செடியில் நான்கு இதழ்ப் பூக்களுக்கு நடுவே ஐந்து இதழ்ப் பூ ஒன்று தலைகாட்டுவதும் உண்டு. அதனால் ஒரு பூவை எண்ணி முடிவுக்கு வரக் கூடாது. நாலைந்து பூவையாவது பார்க்க வேண்டும். தண்டில் உள்ள இலைகளுக்குக் காம்பே இராது. மூன்று சிற்றிலைகள்தான் உண்டு. அடியில் இருக்கும் இரண்டு பெரிய செதில்களும் சிற்றிலை போலவே இருப்பதால் மேலோட்டமாகப் பார்த்தால் ஐந்து விரல் கணக்கு வரும். படரும் சிங்க்ஃபாயிலோ உண்மையிலேயே ஐந்து விரல். பூவும் இரு மடங்கு பெரிது, நீண்ட காம்பு, ஓடுதண்டு கணுவுக்குக் கணு வேர்விட்டுத் தரையைப் பிடித்துக்கொண்டே போகும். இவை இரண்டுக்கும் நடுவே ஒரு மூன்றாவது இனமும் உண்டு: இதழ் நான்கும் வரும் ஐந்தும் வரும், இலைக்குச் சிறு காம்பு, கோடை முடிவில் மட்டும் கணுவில் வேர்விடும். போதாததற்கு இவை மூன்றும் தங்களுக்குள் கலந்து பிள்ளை பெறும். அந்தக் கலப்புச் செடிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட அனுபவசாலிகளே தயங்குவார்கள். பூ இல்லாத காலத்தில் கிழங்கைக் கீறி, சிவக்கிறதா என்று பார்ப்பது நல்ல கூடுதல் சாட்சி.

நீலகிரி, பழனி மலைகளில் நடப்பவர்களுக்கு இந்தக் குடும்பம் அந்நியம் அல்ல. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஈரமான ஓரங்களில் தரையோடு படர்ந்து, மஞ்சள் பூப் பூத்து, உருண்டையாகச் சிவந்து பழுக்கும் சுவையற்ற போலி ஸ்ட்ராபெர்ரி ஒன்று உண்டு. அதற்கு இன்றைய அறிவியல் பெயர் பொட்டென்டில்லா இண்டிகா. உண்மையான ஸ்ட்ராபெர்ரிக்குப் பூ வெள்ளை. இந்த ஒரு வித்தியாசம் போதும். புதுச்சேரித் தாவரவியல் தோட்டத்தை நடத்தி, நீலகிரியிலும் செடி சேகரித்த பிரெஞ்சுக்காரர் லெஷெனோவின் பெயரைத் தாங்கிய பொட்டென்டில்லா ஒன்றும் நம் மலைகளில் இருக்கிறது. டார்மென்டில் மட்டும் இங்கே இல்லை.

அதற்கு நிகரான துவர்ப்பு வேர் இமயமலைப் பக்கம் இருக்கிறது. பொட்டென்டில்லா ஃபுல்ஜென்ஸ் என்று நூல்களில் வழங்கிவரும் செடி. இலையின் அடிப்புறம் வெள்ளிபோல் பளபளக்கும். உத்தராகண்டில் இதன் வேரை வஜ்ரதந்தி என்கிறார்கள். பல்வலிக்கும் ஈறு தளர்வுக்கும் வேரைப் பொடித்துத் தேய்ப்பது அங்கே வழக்கம். என் கேள்வியை இங்கே போட்டுப் பார்த்தால் பதில் தெளிவு: ஈறு துவர்ப்புக்கு நேராக எட்டும் இடம். மேகாலயாவின் மலைகளில் இதே வேரை வெற்றிலை பாக்கோடு சேர்த்து மெல்கிறார்கள். காசுக்கட்டிக்கு நாம் கொடுத்த இடத்தில் அவர்கள் சிங்க்ஃபாயிலை வைத்திருக்கிறார்கள். கூட இருக்கும் கொட்டைப்பாக்கு வாய்ப்புற்றுநோய்க்கு வழிவகுப்பது என்பதால், ஈறுக்கு நல்லது என்று சொல்லி இந்த வழக்கத்தை யாருக்கும் சிபாரிசு செய்ய முடியாது. சர்க்கரை நோய்க்கும் இந்த வேர் நல்லது என்ற பேச்சு அங்கே உண்டு. சுண்டெலிகளில் ஆய்வுகளும் நடந்திருக்கின்றன. எலிக்குக் குறைந்த சர்க்கரையை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவரைத் தடுத்து நிறுத்த வேண்டியது வீட்டில் உள்ளவர்கள் பொறுப்பு.

டார்மென்டிலுக்கே திரும்பினால், தோலையும் வலையையும் இழந்த பிறகு அது இரண்டு இடங்களில் தங்கிவிட்டது. ஒன்று சாராயப் புட்டி. தெற்கு ஜெர்மனியில் பவேரியக் காட்டுப் பகுதியில், பாசாவ் நகரத்தைச் சுற்றி, இந்தக் கிழங்கைக் கடும் சாராயத்தில் ஊறப்போட்டுச் செம்பழுப்பு நிறத்தில் ஒரு மதுவைத் தயாரிக்கிறார்கள். அதன் பெயரே ரத்தவேர். பாதிக்குப் பாதி ஆல்கஹால். வயிறு முட்டப் பன்றி வறுவல் தின்ற பிறகு செரிமானத்துக்கென்று ஒரு சின்னக் குவளை ஊற்றிக்கொள்வார்கள். அந்த நிறத்தில் மயங்குவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. டானின் காற்றுபட்டு முதிர்ந்து, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, சிவப்புப் பிசினாக மாறியதன் நிறம் அது. அப்படி மாறிய அளவுக்குப் புரதத்தைப் பிடிக்கும் வலு குறையும். மருந்துக்கென்று வாங்கி வைத்த வேர், பழசாகப் பழசாக இன்னும் அழகாகச் சிவந்து, இன்னும் உதவாமல் போகும்.

இன்னொரு இடம் மருந்துக்கடை. ஐரோப்பிய மருந்துத் தர நூலில் டார்மென்டில் கிழங்குக்கு இன்றும் ஒரு பக்கம் உண்டு. குறைந்தது 7 சதவீதம் டானின் இருந்தால்தான் சரக்கு தேறும். ஐரோப்பிய மருந்து முகமை இதற்கு ஒப்புக்கொண்டிருக்கும் பயன்கள் இரண்டே: லேசான வயிற்றுப்போக்கு, வாயின் உட்புறச் சிறு அழற்சி. அதுவும் நெடுநாள் வழக்கத்தின் பேரில்தான். காய்ச்சல், கொள்ளைநோய், ரத்த ஒழுக்கு என்ற பழைய பட்டியல் முழுவதும் உதிர்ந்து, துவர்ப்பு தொடக்கூடிய இரண்டு இடங்கள் மட்டும் நின்றிருக்கின்றன.

ஆதாரம் என்று சொல்ல ஒரு சோதனை இருக்கிறது. ருஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், ரோட்டா வைரஸால் வயிற்றுப்போக்கு கண்ட 40 குழந்தைகள். வயது மூன்று மாதம் முதல் ஏழு ஆண்டு வரை. பாதிப் பேருக்கு வேர்ச் சாறு, பாதிப் பேருக்கு வெறும் போலி மருந்து. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது. 2003இல் முடிவு வெளியானது. வேர் குடித்த குழந்தைகளுக்குச் சராசரியாக மூன்று நாளில் நின்றது, மற்றவர்களுக்கு ஐந்து நாள் ஆனது. நாற்பது என்பது சிறிய எண்ணிக்கை. இதை வைத்து ஊருக்கெல்லாம் மருந்து எழுதிவிட முடியாது. ஆனால் இரண்டு நாள் என்பது வயிற்றுப்போக்கில் கிடக்கும் கைக்குழந்தையின் உடம்பில் எவ்வளவு தண்ணீர் என்று தாய்க்குத் தெரியும். வேர் போக்கைக் குறைக்கலாம், போன நீரைத் திருப்பித் தராது. உப்புச் சர்க்கரைக் கரைசல் இல்லாமல் எந்த வேரும் குழந்தையைக் காப்பாற்றாது.

மூன்று நாளுக்கு மேல் போக்கு நிற்காவிட்டாலோ, ரத்தம் கலந்து வந்தாலோ டாக்டரிடம் போக வேண்டும் என்பதே இன்றைய அறிவுரை. கூடவே இன்னொரு எச்சரிக்கையும் சொல்கிறார்கள்: வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதோடு சேர்த்து இதைக் குடிக்கக் கூடாது, இரண்டுக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையானால் இன்னும் கவனம். ஜெரார்டின் குவளையில் கறுத்த அதே கூட்டு வயிற்றுக்குள் உண்டாகி, இரும்பும் உடம்பில் சேராது, துவர்ப்பும் குடலுக்கு மிஞ்சாது.